கம்பிக்கும் மூப்புண்டு

ஆகாய விமானமொன்று வீழ்ந்துவிட்டால், காரணந் தேடும் கண்கள் முதலில் விமானியின் இருக்கையை நோக்குகின்றன. அங்கே குற்றம் அகப்படாதவிடத்து இயந்திரத்தை நோக்குகின்றன. அங்கும் அகப்படாதவிடத்து வானிலையையும் சதிகாரரையும் நோக்குகின்றன. பிரயாணிகளின் காலடியிலும் தலைக்கு மேலுள்ள கூரைத் தகட்டுக்கு அப்பாலும், பெரிய விமானமாயின் நூறு மைலுக்கும் அதிகமான நீளத்துக்கு, மறைந்து கிடக்கும் மின்கம்பிகளை நோக்குவதற்கு விமானத்துறை தன் வரலாற்றிலே மிகப் பிந்திய காலத்திலேதான் இணங்கியது. அவ்வாறு பிந்தியமைக்கு அறியாமையே காரணம், அறிவு வந்ததும் குறை நீங்கிவிட்டது என்று கூறுவது இன்று வழக்காகிவிட்டது. இக்கூற்று உண்மையன்று. அறிவு இருந்தது, பார்க்க மனம் இருக்கவில்லை. பார்ப்பதற்கு வேண்டிய நேரத்துக்கும் கூலிக்கும் பொறுப்பேற்க எவரும் முன்வரவில்லை என்பதே நடந்த கதை.

கலைப்பீட மாணவனுக்கும் விமானத்தின் மின்கம்பிக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் இருப்பர். இலக்கியமும் வரலாறும் கற்பவன் தன் எல்லைக்குள் நிற்றல் வேண்டும், பொறியியற் பீடத்தார் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்வர் என்ற இந்த வேலியடைக்கும் மனப்பான்மை நம் பல்கலைக்கழகங்களிலே நன்கு வேரூன்றிய ஒன்று. ஆயின், கம்பியை யார் பார்ப்பது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, அந்நேரத்துக்கு யார் பணங் கொடுப்பது, பாராமல் விட்டதனால் மாண்டவரின் உயிருக்கு யார் விலை குறிப்பது ஆகிய இவ்வினாக்களுள் எதுவும் மின்னியல் வினா அன்று. மின்னியல் தன் விடையை நெடுங்காலத்துக்கு முன்னரே கூறிவிட்டது. அவ்விடை செவியில் விழாதிருந்தமைக்கான காரணங்களை ஆராய்வது எமது பீடத்துக்கு உரிய பணியே.

மின்னியல் கூறிய விடை சிக்கலானதன்று. மின்கம்பி என்பது உலோகக் கடத்தியொன்றும் அதனைப் போர்த்திய காவலியும் சேர்ந்தது. கடத்தி நெடுங்காலம் நிலைக்கும், காவலி அவ்வாறன்று. பறப்பின் இடையறாத அதிர்வினால் கம்பி அயற் கம்பியோடும் உலோக விளிம்போடும் உராய்கின்றது. இறங்கி ஏறுந்தோறும் வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்குகின்றன. சமையற் பகுதியிலிருந்து சிந்தும் கோப்பியும், கழிவறைத் தொட்டியிலிருந்து ஒழுகும் நீலத் திரவமும், நீரியற் குழாய்களின் எண்ணெயும் அதன்மேற் படிகின்றன. இருக்கைத் துணியிலிருந்தும் போர்வையிலிருந்தும் உதிரும் பஞ்சுத் தும்பு கம்பிக்கட்டின்மேல் மெத்தைபோலத் திரள்கின்றது; தீப்பொறிக்கு அதனைவிட நல்ல விறகு வேண்டியதில்லை. இவையனைத்தினும் கொடியது திருத்தவேலையின்போது விழும் உலோகச் சீவல். தகட்டிலே துளையிட்டவன் கூட்டிப் பெருக்காமற் சென்றுவிட்டால், அச்சீவல் கம்பிக்கட்டினுள் நுழைந்து, ஒவ்வொரு பறப்பிலும் சிறிது சிறிதாகக் காவலியை அறுத்துக்கொண்டேயிருக்கும். அறுந்து கடத்தி வெளிப்பட்ட அன்று விமானத்தில் எவருக்கும் எதுவும் தெரியாது. ஈரம் பட்ட அன்று, அல்லது அயற் கம்பியும் அவ்வாறே வெளிப்பட்ட அன்று, அவ்விடத்திலே மின்வில் தோன்றுகின்றது. அதன் வெப்பநிலை ஆயிரக்கணக்கான பாகையாகும்.

சுற்றுடைப்பான் இருக்கின்றதே என்று கேட்கலாம். வீட்டிலே உருகி செய்வதை விமானத்திலே அது செய்யவேண்டும் என்பதே எல்லோரதும் எதிர்பார்ப்பு. ஆனால், வழக்கமான சுற்றுடைப்பான் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் தொடர்ந்து பாயும்போது சூடேறித் திறக்கும் ஒன்று. மின்வில் தொடர்ந்து எரிவதில்லை; கணத்திற் தோன்றிக் கணத்தில் மறைந்து மீளத் தோன்றும். சுற்றுடைப்பான் சூடேறுவதற்கு முன்னரே மின்வில் தன் வேலையை முடித்துவிடும். அரிதாகச் சுற்றுடைப்பான் திறந்தாலும், காரணம் ஆராயாது அதனை மீள அழுத்திவிடும் பழக்கம் நீண்டகாலமாக இருந்தது. கப்டொன் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் பொலியிமைட்டுக் காவலியைப் பொறுத்தவரை இப்பழக்கம் பேராபத்தானது. மெல்லியது, பாரங் குறைந்தது, வெப்பந் தாங்குவது என்று போற்றப்பட்டு 1970களில் விமானங்களிற் பரவலாகப் புகுந்த அப்பொருள், மின்வில்லினால் தீய்ந்தவிடத்துக் கரியாகின்றது. கரியோ மின்னைக் கடத்துவது. காக்கவந்த போர்வையே கடத்தியாக மாறிவிட, மின்வில் கம்பி வழியே தவழ்ந்து சென்று முழுக் கட்டையும் தீய்க்கின்றது. மீள அழுத்தப்படும் சுற்றுடைப்பான் அத்தீக்கு மீண்டும் உணவூட்டுகின்றது. அமெரிக்கக் கடற்படை 1980களிலேயே இதனை உணர்ந்து, தன் புதிய விமானங்களிலிருந்து இப்பொருளை விலக்கத் தொடங்கிற்று. பிரயாணிகள் விமானங்களோ அதைச் சுமந்து பறந்துகொண்டிருந்தன.

இவ்விடத்திலே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். குற்றம் கப்டொனுடையது மாத்திரம் என்று கூறுவோரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. ஒரு பொருளைக் குற்றவாளியாக்கி விலக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற நினைப்பு, பார்க்கும் வேலையிலிருந்து தப்புவதற்கான மற்றொரு வழியே. பின்வரும் இரு விபத்துகளில் முதலாவதில் ஐயத்துக்குள்ளான கம்பிகள் கப்டொன் உறையுடையவை அல்ல.

1996 யூலை 17 ஆந் திகதி மாலை, நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து பாரிசை நோக்கிப் புறப்பட்ட ரி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 800 ஆம் இலக்கப் பறப்பு, ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடத்தில் லோங் ஐலண்ட் கரைக்கு அப்பாற் கடலின்மேல் வெடித்துச் சிதறியது. இறந்தோர் 230 பேர். விமானம் 1971 இற் கட்டப்பட்ட போயிங் 747. ஏவுகணை தாக்கியது, வெடிகுண்டு வைக்கப்பட்டது என்ற பேச்சே மாதக்கணக்கில் உலகெங்கும் ஒலித்தது. குற்றச்செயலுக்குச் சான்றில்லை என்று கூறி அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகம் 1997 நவம்பரிலே தன் விசாரணையை முடித்துக்கொண்டது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2000 ஓகத்திலே தன் முடிவை வெளியிட்டது. நடுச்சிறகின் எரிபொருள் தாங்கியில் இருந்த ஆவி தீப்பற்றியமையே வெடிப்புக்குக் காரணம். பொறி எங்கிருந்து வந்தது என்று முற்றும் உறுதியாகக் கூற முடியாதாயினும், தாங்கிக்கு வெளியே நிகழ்ந்த குறுஞ்சுற்றொன்று, எரிபொருளின் அளவைக் காட்டும் மானியின் கம்பி வழியாக மிகையான வோல்ற்றளவை உள்ளே செலுத்தியிருக்கலாம் என்பதே மிகப் பொருத்தமான விளக்கம் எனச் சபை கண்டது.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்குவோம். எரிபொருள் அளவுமானியின் கம்பியிற் பாய்வது மிகச் சிறிய மின்னோட்டம். தாங்கியினுட் செல்வதனால் அது அவ்வாறே அமைக்கப்பட்டது. ஆனால் தாங்கிக்கு வெளியே, விமானத்தின் நெடும் பாதையிலே, அக்கம்பி உயர்ந்த வோல்ற்றளவுள்ள ஏனைய கம்பிகளோடு ஒரே கட்டிற் கட்டப்பட்டிருந்தது. உள்ளே காட்டிய எச்சரிக்கையை வெளியே கைவிட்டார்கள். எரிபொருளாவியைத் தீப்பற்றச் செய்ய ஒரு மில்லியூலின் கால்வாசிச் சக்தியே போதும். விமானம் நிலத்தில் நின்றபோது தாங்கிக்குக் கீழிருந்த குளிர்சாதனப் பொறிகள் நெடுநேரம் இயங்கி ஆவியைச் சூடாக்கியிருந்தன. இருபத்தைந்து ஆண்டு அதிர்ந்து உராய்ந்த காவலியில் இரு சிறு வெடிப்புகள் இருந்தாற் போதுமானதாயிற்று. மக்கள் ஏன் ஏவுகணையை விரும்பினர்? ஏவுகணைக்கு ஒரு பகைவன் உளன், அவனை வெறுக்கலாம். கம்பிக்குப் பகைவன் இல்லை, பொறுப்பாளியே உளன். பொறுப்பாளியைத் தேடும் பயணம் விமானக் கம்பனியிலும், உற்பத்தியாளரிலும், அனுமதி வழங்கிய அரச நிர்வாகத்திலும் போய் முடியும்.

முன்னெச்சரிக்கை இருக்கவில்லை என்றும் கூறவியலாது. 1990 மே 11 இல் மணிலா விமான நிலையத்திலே, பறப்புக்கு ஆயத்தமாக நின்ற போயிங் 737 ஒன்றின் நடுத்தாங்கி வெடித்து எண்மர் மாண்டனர். 2001 மார்ச் 3 இல் பாங்கொக்கிலே அதேவகை விமானமொன்றின் நடுத்தாங்கி நிலத்திலேயே வெடித்து விமானப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார்.

இரண்டாவது விபத்து இன்னும் கசப்பானது. ஏனெனில், அது பழைய விமானமன்று. 1998 செப்ரெம்பர் 2 இல் நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா சென்ற சுவிஸ்எயார் நிறுவனத்தின் 111 ஆம் இலக்கப் பறப்பு, கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்துப் பெகிஸ் கோவ் என்னும் கிராமத்துக்கு அண்மையிற் கடலில் வீழ்ந்தது. 229 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமானம் சேவைக்கு வந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. விமானிகள் முதன்முதலில் ஏதோ மணத்தை உணர்ந்த நேரத்துக்கும் விமானம் நீரைத் தொட்ட நேரத்துக்கும் இடைப்பட்டது இருபத்தொரு நிமிடம். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கடலடியிலிருந்து இலட்சக்கணக்கான துண்டுகளை எடுத்து, நான்காண்டுக்கு மேல் உழைத்து, 2003 மார்ச்சிலே அறிக்கை வெளியிட்டது. விமானியறையின் பின்சுவருக்கு அண்மையில், கூரைக்கு மேல் நிகழ்ந்த மின்வில் ஒன்று, வெப்பக்காப்புப் போர்வையின் உலோகம் பூசிய மேலுறையைப் பற்றவைத்தது. கூரைக்கு மேலுள்ள அவ்வெளியிலே புகையுணர் கருவியும் இல்லை, தீயணைப்புக் கருவியும் இல்லை. அப்போர்வை அக்காலத்துத் தீத்தடைச் சோதனையிலே சித்தியெய்திய ஒன்று என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

மின்வில் நிகழ்ந்த கம்பிகளுள் ஒன்று பிரயாணிகளின் பொழுதுபோக்குத் தொகுதிக்கு உரியது என்று சபை கண்டது. அதுவே முதற் பொறியா என்பதை மாத்திரம் அறுதியிட இயலவில்லை. அத்தொகுதி விமானத்தோடு பிறந்ததன்று, பின்னர் பொருத்தப்பட்டது. உயர்வகுப்புப் பிரயாணிகள் படம் பார்க்கவும், பொருள் வாங்கவும், சூதாடவும் வசதியளித்த அத்தொகுதி, புகை எழும்போது விமானிகள் பிரயாணிகள் பகுதியின் மின்சாரத்தைத் துண்டிக்க அழுத்தும் ஆளிக்கு அடங்காத வகையில் இணைக்கப்பட்டிருந்தது. அத்தொகுதிக்கு வழங்கிய அனுமதியை அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகம் விபத்தின் பின்னர், 1999 இலே, விலக்கிக்கொண்டது. வானத்திலே சூதாட்டப் பலகை வைப்பதற்கு அனுமதி கொடுக்க விரைந்த கை, அதன் கம்பி எவ்வழியாகச் செல்கின்றது என்று பார்க்க விரையவில்லை என்பதைக் கூறுவதற்கு அரசியற் பொருளாதாரம் கற்றிருக்க வேண்டிய அவசியமில்லை.

விமானிகள் மணத்தை உணர்ந்தவுடனே நேராக ஹலிபக்ஸ் நிலையத்துக்குத் திரும்பியிருந்தாலும் பாதுகாப்பாக இறங்கியிருக்க இயலாது என்பது அவ்வறிக்கையின் முடிவுகளுள் ஒன்று. ‘எரிபொருளைக் கொட்ட நேரம் செலவிட்டார்கள்’, ‘சரிபார்ப்புப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்கள்’ என்று மாண்ட விமானிகள்மேற் பழி சுமத்தியோர் அம்முடிவை வாசித்தல் நன்று. கம்பித் தீயை வானத்தில் அணைக்க முடியாது. அதனை அணைக்கத்தக்க இடம் ஒன்றே உண்டு. அது பராமரிப்புக் கொட்டகை. அங்கே, நிலத்தில், தொழிலாளி ஒருவன் ரோச் விளக்கோடும் சிறு கண்ணாடியோடும் குனிந்து பார்க்கும் அந்த நேரம்.

இனி, ‘அறியாமை’ என்னும் சாட்டுக்கு வருவோம். 1967 சனவரி 27 இல், நிலத்தில் நிகழ்ந்த ஒத்திகையொன்றின்போது அப்பலோ விண்கலத்தினுட் தீப்பற்றி மூன்று விண்வெளி வீரர் மாண்டனர். அதனை ஆராய்ந்த சபை, மின்வில்லையே மிகப் பொருத்தமான காரணமாகக் கருதியதோடு, கம்பி வேலையின் குறைபாடுகளையும் எடுத்துரைத்தது. உலகின் கண்முன்னே நிகழ்ந்த மரணங்கள் அவை. அதற்குப் பின்னர் வடிவமைக்கப்பட்ட விமானங்கள் எத்தனை! இன்னும் ஒன்று. 1988 ஏப்பிரலில் ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை பறப்பிலேயே பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானத்துக்கு மூப்பு உண்டு என்பதை அன்று உலகம் ஏற்றுக்கொண்டது. உடனே உலோகத்தின் களைப்பு, அரிப்பு, வெடிப்பு ஆகியவற்றைத் தேடும் திட்டங்கள் வகுக்கப்பட்டன. தகட்டுக்கு மூப்புண்டு என்று ஏற்றவர்கள், அதே தகட்டின் உட்பக்கத்தில் அதே ஆண்டிற் பொருத்தப்பட்ட கம்பிக்கு மூப்பில்லை என்று எவ்வாறு கருதினர்? கம்பி ஒருமுறை பொருத்தினால் மறந்துவிடத்தக்கது என்ற கொள்கையே இதற்கு விடை. கட்டமைப்புச் சாராத தொகுதிகளின் மூப்பையும் ஆராய்க என்று வெள்ளை மாளிகையின் விமானப் பாதுகாப்பு ஆணைக்குழு விதப்புரை செய்தது 1997 பெப்ரவரியிலேதான். அதற்கு 230 பேரின் பிணங்கள் வேண்டியிருந்தன.

சட்டமும் இதற்குத் துணைபோயிற்று. பழைய விதிகளிலே கம்பிக்கெனத் தனியிடம் கிடையாது. எரிபொருள் மானியின் கம்பி மானிக்குரியது. விளக்கின் கம்பி விளக்குக்குரியது. பொழுதுபோக்குக் கருவியின் கம்பி அக்கருவிக்குரியது. நூறு மைல் கம்பி பலருக்குத் துண்டு துண்டாக உரியதாயிருந்தபடியால் முழுமையாக எவருக்கும் உரியதாக இருக்கவில்லை. பராமரிப்புத் திட்டத்திலே விமானம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியையும் பொதுவாகப் பார்க்கும்படி தொழிலாளி பணிக்கப்பட்டான். குழாய், தகடு, தாங்கி, கயிறு எல்லாவற்றோடும் கம்பியும் அப்பார்வையில் அடங்கும் என்பது காகிதத்தில் இருந்த நம்பிக்கை. பொதுவாகப் பார்ப்பவன் கண்ணுக்குக் கம்பிக்கட்டு ஒரு கயிறுபோலவே தோன்றும்.

கம்பியைக் கம்பியாகப் பார்ப்பது வேறு வேலை. கட்டைப் பிடித்திருக்கும் கவ்வியின் இறப்பர் மெத்தை இருக்கின்றதா, நழுவிவிட்டதா? கட்டு தளர்ந்து தொங்கி எரிபொருட் குழாயைத் தொடுகின்றதா? வளைவு அளவுக்கு மிஞ்சி ஒடுங்கியுள்ளதா? உறையின் நிறம் மாறியுள்ளதா? மயிரிழை போன்ற வெடிப்பு உளதா? முன்னர் யாரோ இட்ட இணைப்பு ஒழுங்கானதா? படியென நினைத்து எவராவது கட்டின்மேற் கால் வைத்திருக்கின்றனரா? தும்பும் சீவலும் திரண்டுள்ளனவா? இவையனைத்தையும் கைக்கெட்டும் தூரத்திலே முகத்தை வைத்துப் பார்த்தல் வேண்டும். விமானம் பகலிலே பறந்து பணம் உழைக்க, பராமரிப்பின் பெரும்பகுதி இரவிலே நிகழ்கின்றது. நித்திரை தின்னும் வேளையிலே, ஒடுங்கிய பொந்தினுள் வயிற்றின்மேற் கிடந்து, விடியுமுன் விமானத்தை ஒப்படைக்கவேண்டிய தொழிலாளியின் கண்ணே இப்பார்வையின் கருவி. அக்கண்ணுக்கு ஒதுக்கப்பட்ட நிமிடங்களைக் குறைத்துவிட்டு, பின்னர் அறிக்கையிலே ‘மனிதத் தவறு’ என்று எழுதுவது எவ்வகை நீதி?

இவ்வாதத்துக்கு மறுப்பாகக் கூறப்படுவனவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். தொடாதிருப்பதே நலம் என்பது முதலாவது. பழைய காவலி நொய்ந்தது. பார்ப்பதற்காகக் கட்டை விலக்கினாலே அது வெடிக்கும். ஆகவே விட்டுவிடுக என்பர். இதில் உண்மையில்லாமலில்லை. பரிசோதனையே சேதத்தை விளைத்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் தொட்டால் நொறுங்கும் பொருளொன்று தொடாவிட்டால் தீப்பற்றும் எனின், அதனைத் தொடாது விடுவதா, மாற்றுவதா? தமிழ் மாணவருக்கு இவ்வாதம் புதியதன்று. கட்டை அவிழ்க்க ஓரம் முரியும், இதழைப் புரட்ட நொறுங்கும் நிலையிலிருந்த ஏடுகளைக் கண்டு, அஞ்சி அவிழ்க்காது விட்டிருப்பாராயின் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இலே கலித்தொகையை அச்சேற்றியிருக்கமாட்டார். நொய்மை என்பது விரைந்து பார்ப்பதற்கான காரணம். பாராது விடுவதற்கான காரணம் அன்று. பணியிலிருந்து விலக்கப்பட்ட சில விமானங்களைப் பிரித்து, கம்பிகளைக் கருவிகளாலும் ஆய்வுகூடத்திலும் சோதித்தபோது, கண்ணுக்கு அகப்படாத குறைகள் பல வெளிப்பட்டன. கம்பியினூடே துடிப்பொன்றை அனுப்பி, அது திரும்பிவரும் விதத்தைக் கொண்டு பழுதிருக்கும் இடத்தைக் கணிக்கும் முறைகள் இன்று உள. ஆகவே பார்வை போதாது என்றால் பார்வையோடு கருவியையும் சேர்ப்பதே தர்க்கம்.

கருவியே போதும், மனிதன் வேண்டாம் என்பது இரண்டாவது. மின்வில்லை இனங்கண்டு திறக்கும் புதுவகைச் சுற்றுடைப்பான்கள் ஆக்கப்பட்டுள்ளமை வரவேற்கத்தக்கதே. எனினும், அது மின்வில் தோன்றிய பின்னரே செயற்படுகின்றது. சீவலைப் பெருக்குவதும் கவ்வியைத் திருத்துவதும் தும்பை அகற்றுவதும் அதற்கு இயலா. இக்கூற்றை முன்வைப்போரிற் சிலர் பாதுகாப்பை விரும்புவோரல்லர். சம்பளப் பட்டியலைச் சுருக்க விரும்புவோர்.

மூன்றாவது செலவு. இது பெரும்பாலும் மெல்லிய குரலிலேயே கூறப்படுகின்றது. அமெரிக்காவிலே பாதுகாப்பு விதியொன்றை இயற்றுமுன் அதன் செலவையும் பயனையும் பணமாகக் கணக்கிட்டு ஒப்பிடுவர். பயன் என்பது தவிர்க்கப்படும் மரணம். மரணத்தைப் பணமாக்க ஓர் உயிருக்கு விலை வேண்டும். 1990களின் பிற்பகுதியிலே அவ்விலை 27 இலட்சம் டொலர்; 2002 இலே 30 இலட்சம். கணக்குப் பார்ப்பதே பாவம் என்று இங்கே கூறவரவில்லை. வளம் அளவுடையதாயின் எதை முதலிற் செய்வது என்று எவரும் எண்ணத்தான் வேண்டும். ஆனால் அக்கணக்கிலே, நிகழ்ந்த விபத்து உறுதியான இலக்கமாகின்றது. நிகழாது தவிர்க்கப்பட்ட விபத்து வெறும் ஊகமாகின்றது. ஆகவே பிணங்கள் மிதக்கும்வரை விதியின் பயன் எப்போதும் சிறியதாகவே தோன்றும். செலவைச் சுமப்போர் கம்பனிகள். அவை ஒன்றுகூடிப் பேச வல்லன. பயனைப் பெறுவோர் இனிமேல் ஏறப்போகும் பிரயாணிகள். அவர்கள் ஒருவரையொருவர் அறியார்.

இலாப நோக்கற்ற நிறுவனத்திலும் இதே நோய் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1999 யூலை 23 இல் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டு ஐந்து விநாடியிலே, அதன் மின்சுற்றொன்றிற் குறுஞ்சுற்று ஏற்பட்டு, மூன்று பிரதான இயந்திரங்களுள் இரண்டின் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒவ்வொன்று செயலிழந்தன. மாற்றுக் கருவிகள் பொறுப்பேற்றமையால் ஐவரும் பிழைத்தனர். காரணம், விளிம்பு பிசிறிய திருகாணித் தலையொன்றில் உராய்ந்த ஒரு கம்பி. விண்ணோடங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டுக் கம்பிகள் பரிசோதிக்கப்பட்டபோது, பராமரிப்பு வேலையின்போதே நேர்ந்த சேதங்கள் பல காணப்பட்டன. 2000 மார்ச்சில் வெளிவந்த சுயாதீன மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை தொழிலாளியைத் தூற்றுவதோடு நிற்கவில்லை. ஆட்குறைப்பைப் பற்றியும், முன்னர் வெற்றிபெற்றோம் என்பதற்காகவே அபாயத்தை ஏற்றுக்கொள்ளும் மனப்போக்கைப் பற்றியும் எச்சரித்தது.

ஈற்றில் விதி வந்தது. 2007 நவம்பரிலே அமெரிக்க விமான நிர்வாகம் வெளியிட்ட விதிகள், கம்பி, கவ்வி, இணைப்பி, உறை அனைத்தையும் சேர்த்து ஒரு தனித் தொகுதியாக முதன்முறையாக வகுத்தன. ஒவ்வொரு பகுதியிலும் கம்பிக்கு அண்மையில் எரியக்கூடிய பொருள் உளதா, அக்கம்பி சேதமுற்றால் விளைவு யாது என்று ஆராய்ந்து, பார்வைக்கும் துப்புரவுக்கும் தனி வேலைகளை வகுக்கவேண்டியதாயிற்று. தும்பு துடைப்பது சட்டத்தில் ஏறிய பாதுகாப்புப் பணியாயிற்று! இது பெரும் முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அவ்விதியின் பராமரிப்புப் பகுதி முப்பது பிரயாணிகளோ அதற்கு மேலோ ஏறத்தக்க, அல்லது 7,500 இறாத்தலோ அதற்கு மேலோ சுமக்கத்தக்க விமானங்களுக்கே உரியது. இருபதுபேர் ஏறும் விமானத்தின் கம்பிக்கும் அதே அதிர்வு, அதே ஈரம்.

2008 யூலையிலே எரிபொருள் தாங்கியின் ஆவியைத் தீப்பற்றாததாக்கும் விதி வந்தபோது, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த சரக்கு விமானங்கள் அம்மாற்றத்தைச் செய்யவேண்டியதில்லை என விலக்களிக்கப்பட்டது. செலவு பயனை மிஞ்சுகின்றது என்பது நியாயம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், யூன் 28 ஆந் திகதி இரவு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இயந்திரம் இயக்குமுன்னரே போயிங் 767 சரக்கு விமானமொன்றிலே தீப்பற்றி, அதன் கூரை எரிந்து திறந்துபோயிற்று. மின்னைக் கடத்தவல்ல ஒட்சிசன் குழாய்ப் பாகங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே போதிய இடைவெளி வைக்கப்படாமையால் நிகழ்ந்த குறுஞ்சுற்று அது என்று பின்னர் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு கூறியது. விமானம் இன்னும் தரையில் நின்றபடியால் விமானிகள் தப்பினர். அவ்விமானத்திலே இருந்தோர் அவ்விருவரே.